வெப்ஆர்டிசி அழைப்பில் கேமராவையும் மைக்கையும் முறையாக நிறுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலாவியிலேயே வீடியோ அழைப்பு நடத்தும் செயலிகளை எழுதுவோர், அழைப்பை இணைப்பதற்குப் பெரும் உழைப்பைச் செலுத்திவிட்டு, அதை முடிப்பதை ஒரே வரியில் எழுதிக் கடந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. ஆனால் "அழைப்பை முடி" என்ற பொத்தானை அழுத்தியவர், தன் முகமும் குரலும் அந்த நொடியோடு வெளியே செல்வது நின்றுவிட்டது என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பது நிரல் எழுதுபவரின் கடமை. இந்தப் பக்கம், நூலகம் எதையும் சாராமல், உலாவிகள் ஒலியையும் வீடியோவையும் பரிமாற உதவும் வெப்ஆர்டிசி எனும் தொழில்நுட்பத்தின் ஜாவாஸ்கிரிப்ட் இடைமுகங்களை நேரடியாகப் பயன்படுத்துவோருக்காக எழுதப்பட்டது. தரநிலை என்று கீழே குறிப்பிடப்படுவது, 2021 ஜனவரியில் டபிள்யூ3சி பரிந்துரையாக வெளிவந்த வெப்ஆர்டிசி ஆவணத்தையும், கேமரா, மைக் ஆகியவற்றைப் பெறுவது பற்றிய அதன் துணை ஆவணத்தையும் குறிக்கும்.

பியர்கனெக்ஷனை மூடிவிட்டேன். கேமரா விளக்கு ஏன் இன்னும் எரிகிறது?

மறுமுனையோடு உள்ள இணைப்பைக் குறிக்கும் பியர்கனெக்ஷனின் குளோஸ் செயற்கூறு கேமராவைத் தொடுவதே இல்லை என்பதுதான் காரணம். கேமராவையும் மைக்கையும் திறந்தது கெட்யூசர்மீடியா. அது தந்த டிராக்குகளை, அதாவது ஒலி, வீடியோ ஓட்டங்களை, பியர்கனெக்ஷன் கடன் வாங்கித்தான் அனுப்புகிறது. மடையை அடைத்தால் வயலுக்குத் தண்ணீர் போவது நிற்கும், ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இங்கும் அதுவே நடக்கிறது. இணைப்பு மூடப்பட்டதால் மறுமுனைக்கு எதுவும் போகவில்லை, ஆனாலும் கேமரா படம் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

கேமராவை அணைக்க, டிராக்குகளின் தொகுப்பான ஸ்ட்ரீமில் உள்ளவற்றைக் கெட்டிராக்ஸ் மூலம் எடுத்து, ஒவ்வொன்றின் மீதும் ஸ்டாப் செயற்கூற்றை இயக்க வேண்டும். அதன்பின் அந்த டிராக்கின் ரெடிஸ்டேட் பண்பு "எண்டட்" என்று மாறிவிடும். இந்த நிலையிலிருந்து டிராக்கை மீட்க வழி கிடையாது, மீண்டும் கேமரா வேண்டுமானால் கெட்யூசர்மீடியாவைப் புதிதாக இயக்க வேண்டும். வீடியோ உறுப்பின் எஸ்ஆர்சிஆப்ஜெக்ட் பண்பை நல் ஆக்குவதும் கேமராவை அணைக்காது. அது திரையில் தெரியும் படத்தை மட்டுமே அகற்றும். டிராக்கைச் சுட்டும் மாறி எதுவும் மிஞ்சாதபோது உலாவியின் நினைவகத் துப்புரவு அதை என்றாவது ஒருநாள் அணைக்கக்கூடும் என்றாலும், எப்போது என்று சொல்ல முடியாத ஒன்றைப் பயனரின் அந்தரங்கத்துக்குக் காவலாக வைக்கலாகாது.

எல்லா டிராக்குகளையும் ஸ்டாப் செய்த பிறகும் விளக்கு எரிகிறது. என்ன செய்வது?

அப்படியானால் உங்களுக்குத் தெரியாத இன்னொரு டிராக் எங்கோ உயிரோடு இருக்கிறது. ஒரே கேமராவைப் பல டிராக்குகள் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பதும், அவற்றில் கடைசி டிராக் நிற்கும் வரை கேமரா திறந்தே இருக்கும் என்பதும் தரநிலையின் விதி. ஆகவே தேட வேண்டியது, நிறுத்தாமல் விடுபட்ட பிரதியை.

முதலில் குளோன் செயற்கூறு இயங்கும் இடங்களைப் பாருங்கள். குளோன் செய்யப்பட்ட டிராக் தனி உயிர் கொண்டது, மூல டிராக்கை நிறுத்தினால் அது நிற்காது. அடுத்து, அழைப்புக்கு முன் கேமராவைச் சரிபார்க்கும் முன்னோட்டத் திரையைப் பாருங்கள். அந்தத் திரை தனக்கென்று ஒருமுறை கெட்யூசர்மீடியாவை இயக்கி, அழைப்புத் திரை இன்னொரு முறை இயக்கியிருந்தால், முதல் ஸ்ட்ரீம் கைவிடப்பட்ட நிலையில் ஓடிக்கொண்டிருக்கும். பின்னணியை மங்கலாக்கும் வசதி இருந்தால் அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. மறுமுனைக்குப் போவது கேன்வாஸிலிருந்து கேப்சர்ஸ்ட்ரீம் மூலம் எடுத்த டிராக். அதை நிறுத்தினால் கேன்வாஸின் வெளியீடு மட்டுமே நிற்கும், கேன்வாஸுக்குப் படம் ஊட்டும் அசல் கேமரா டிராக்கைத் தனியே நிறுத்த வேண்டும்.

ரியாக்ட் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய ஒன்று: 18-ஆம் பதிப்பு முதல், உருவாக்கச் சூழலில் ஸ்ட்ரிக்ட் மோட் ஒவ்வொரு கூறையும் ஒருமுறை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுகிறது. யூஸ்எஃபெக்ட்டுக்குள் கேமராவைத் திறந்துவிட்டு, அதன் துப்புரவுச் செயற்கூற்றில் டிராக்கை நிறுத்தாமல் விட்டால் கேமரா இருமுறை திறக்கப்பட்டு ஒன்று அநாதையாகிவிடும். ஸ்ட்ரிக்ட் மோடை அணைத்து இதைத் "தீர்ப்பது" தவறு. அது காட்டுவது உங்கள் நிரலில் உண்மையாகவே உள்ள ஓட்டையை.

எங்கள் பரிந்துரை இது. கெட்யூசர்மீடியா, திரைப் பகிர்வைத் தொடங்கும் கெட்டிஸ்ப்ளேமீடியா, குளோன் ஆகிய மூன்றையும் செயலியின் ஒரே ஒரு கோப்பில் மட்டுமே இயக்குங்கள். அங்கே பிறக்கும் ஒவ்வொரு டிராக்கையும் ஒரு தொகுப்பில் பதிந்து வையுங்கள். அழைப்பு முடியும்போது அந்தத் தொகுப்பில் உள்ள அனைத்தையும் நிறுத்துங்கள்.

அனுமதி கேட்கும் பெட்டி திறந்திருக்கும்போதே பயனர் அழைப்பை முடித்துவிட்டால்?

இந்தக் கேள்வி அரிதாகவே கேட்கப்படுகிறது, ஆனால் இந்தப் பக்கத்தில் உள்ளவற்றுள் மிக மோசமான விளைவைத் தருவது இதுதான். நடப்பதை வரிசையாகப் பாருங்கள். பயனர் அழைப்பில் சேர்கிறார். கெட்யூசர்மீடியா இயங்கி, உலாவி அனுமதி கேட்கிறது. அவர் மனம் மாறி, பக்கத்தில் உள்ள "வெளியேறு" பொத்தானை அழுத்துகிறார். உங்கள் துப்புரவுச் செயற்கூறு ஓடுகிறது. அந்நேரம் ஸ்ட்ரீம் இன்னும் கைக்கு வராததால் நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. பிறகு அவர் திரையில் இன்னமும் நிற்கும் அனுமதிப் பெட்டியில் "அனுமதி" என்பதைத் தட்டிவிடுகிறார். பிராமிஸ் நிறைவேறுகிறது, கேமரா திறக்கிறது, அதை நிறுத்தக்கூடிய நிரல் ஏற்கெனவே ஓடி முடிந்துவிட்டது.

கெட்யூசர்மீடியாவுக்கு ரத்து செய்யும் வசதி எதுவும் இல்லை. ஆகவே ஒவ்வொரு முயற்சிக்கும் ஓர் எண்ணையோ அடையாளத்தையோ கொடுத்து, பிராமிஸ் நிறைவேறிய மறுகணமே "இந்த முயற்சி இன்னும் செல்லுபடியாகுமா?" என்று சோதித்து, இல்லையெனில் வந்த டிராக்குகளை அங்கேயே ஸ்டாப் செய்ய வேண்டும். அவெய்ட் என்ற சொல்லைத் தாண்டி வரும் ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் இந்தச் சோதனை தேவை. கேமராவை மாற்றும் இடத்திலும், திரைப் பகிர்வைத் தொடங்கும் இடத்திலும் இதே ஓட்டை இருக்கும்.

பழைய நிரல்களில் ஸ்ட்ரீமின் மீதே ஸ்டாப் இயக்கியிருக்கிறார்களே?

அது நீக்கப்பட்டுவிட்டது. குரோமின் 47-ஆம் பதிப்பிலேயே ஸ்ட்ரீமின் ஸ்டாப் அகற்றப்பட்டது. இப்போது அதை இயக்கினால் பிழைதான் எழும். பியர்கனெக்ஷனின் ஆட்ஸ்ட்ரீம், ரிமூவ்ஸ்ட்ரீம் ஆகியவையும் காலாவதியானவை, புதிய நிரலில் டிராக் அளவிலேயே வேலை செய்யுங்கள்.

மைக்கை மியூட் செய்ய எனேபிள்டு பண்பை ஃபால்ஸ் ஆக்கினால் போதுமா?

ஒலிக்குப் பெரும்பாலும் போதும். எனேபிள்டு ஃபால்ஸ் ஆனதும் அந்த டிராக்கிலிருந்து மௌனம் மட்டுமே வெளிவரும், பேசியது எதுவும் மறுமுனைக்குப் போகாது. மாற்றம் உடனடியாக நிகழும். எஸ்டிபி எனும் இணைப்பு விவரக் குறிப்பை இரு முனைகளும் மறுபடி பரிமாறத் தேவையில்லை, திரும்ப இயக்கும்போது தாமதமும் இல்லை. ஆனால் அனுப்புவது நிற்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓபஸ் எனும் குறியாக்க முறையில் ஒலி வழக்கமாக 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட் வீதம், அதாவது விநாடிக்கு 50 பாக்கெட்டுகளாகச் செல்கிறது. டிடிஎக்ஸ் எனும் மௌனச் சேமிப்பு இயங்காத வரை, மியூட் செய்த பிறகும் அந்த ஓட்டம் தொடரும்.

வீடியோவில் நிலைமை வேறு. எனேபிள்டு ஃபால்ஸ் ஆன வீடியோ டிராக் கறுப்பு ஃபிரேம்களைத் தரும், விநாடிக்கு ஒரு கறுப்பு ஃபிரேம் அனுப்பினால் போதும் என்கிறது தரநிலை. அலைவரிசைச் செலவு சொற்பமே. ஆனால் குரோமில் கேமரா விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் மட்டும், ஒரு கேமராவைப் பயன்படுத்தும் எல்லா டிராக்குகளும் இவ்வாறு முடக்கப்பட்டால் சாதனத்தைத் தானே அணைத்து, திரும்ப இயக்கும்போது மீண்டும் திறக்கும்.

"கேமராவை அணை" என்று பொத்தானில் எழுதியிருக்கும்போது விளக்கு எரிந்துகொண்டிருப்பது பயனருக்குச் சொன்ன சொல்லை மீறுவதாகும் என்பது எங்கள் உறுதியான கருத்து. எனவே மைக்குக்கு எனேபிள்டு பண்பையும், கேமராவுக்கு ஸ்டாப் செயற்கூற்றையும் பயன்படுத்துங்கள். கேமரா மறுபடி எழுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும், நிரந்தர அனுமதி தராத பயனரிடம் சில உலாவிகள் மீண்டும் அனுமதி கேட்கவும் கூடும். அந்தச் சிறு தொல்லை ஏற்கத்தக்கதே.

"நீங்கள் மியூட்டில் இருக்கிறீர்கள்" என்று நினைவூட்டும் வசதி வைத்திருப்போருக்கு ஒரு சொல். பயனர் பேசுவதைக் கண்டறிய, மியூட் செய்யாத ஒரு குளோன் டிராக்கின் ஒலி அளவை நீங்கள் கவனித்துக்கொண்டே இருக்கிறீர்கள். அந்த ஒலி கணினியை விட்டு வெளியேறவில்லை என்பதைப் பயனருக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள், அழைப்பு முடிந்ததும் அந்தக் குளோனையும் மறவாமல் நிறுத்துங்கள்.

மியூட்டட் என்றொரு பண்பும் இருக்கிறதே, அதை ட்ரூ ஆக்கலாமா?

முடியாது. அது படிக்க மட்டுமே. மூலத்திலிருந்து தற்போது எதுவும் வரவில்லை என்று உலாவி உங்களுக்குச் சொல்லும் செய்தி அது. கைபேசியில் உலாவி பின்னணிக்குச் சென்றாலோ, சாதாரணத் தொலைபேசி அழைப்பு குறுக்கிட்டாலோ டிராக் இவ்வாறு மியூட் ஆகலாம். எனேபிள்டு உங்கள் கையில், மியூட்டட் உலாவியின் கையில். இரண்டையும் ஒரே மாறியில் குழப்பிவைத்தால் பொத்தான் ஒன்றைக் காட்டும், உண்மை வேறாக இருக்கும்.

இணைப்பை மூடாமல், வீடியோ அனுப்புவதை மட்டும் நிறுத்த எத்தனை வழிகள் உள்ளன? எதைத் தேர்வது?

தற்காலிக நிறுத்தம், அந்தத் திசையையே கைவிடுவது, தடத்தையே ஒழிப்பது என்று மூன்று ஆழங்களில் நிறுத்தலாம். எது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தால் வழி தானே புலப்படும்.

தற்காலிகமாக நிறுத்த, டிராக்கை அனுப்பும் பொருளான ஆர்டிபி சென்டரின் ரீப்ளேஸ்டிராக் செயற்கூற்றுக்கு நல் கொடுப்பதே சிறந்தது. சென்டரில் டிராக் எதுவும் இல்லாதபோது பாக்கெட்டுகள் செல்வதில்லை, எஸ்டிபி பரிமாற்றமும் வேண்டியதில்லை. பிறகு புதிய கேமரா டிராக்கை அதே சென்டரில் பொருத்தினால் அனுப்புதல் தொடரும். இது பிராமிஸ் தரும் செயற்கூறு என்பதால் நிறைவேறும் வரை காத்திருங்கள். வீடியோ சென்டரில் ஒலி டிராக்கைப் பொருத்த முயன்றால் டைப்எரர் எழும். கேமரா டிராக்கை ஸ்டாப் செய்துவிட்டுச் சென்டரில் அப்படியே விட்டுவைக்காதீர்கள், முடிந்துபோன டிராக்குக்கும் கறுப்பு ஃபிரேமோ மௌனமோ அனுப்ப வேண்டும் என்பதே தரநிலையின் விதி. ஆகவே ஸ்டாப், பிறகு ரீப்ளேஸ்டிராக்கில் நல், இவை இரண்டும் இணைந்தே வர வேண்டும்.

இதற்கு நெருங்கிய மாற்று, சென்டரின் செட்பாராமீட்டர்ஸ் வழியாக என்கோடிங்கின் ஆக்டிவ் பண்பை ஃபால்ஸ் ஆக்குவது. ஒரே வீடியோவைப் பல தரங்களில் அனுப்பும் சைமல்காஸ்ட் முறையில், பெரிய தரத்தை மட்டும் நிறுத்திச் சிறியதைத் தொடர இதுதான் வழி. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கெட்பாராமீட்டர்ஸ் தந்த அதே பொருளைத்தான் திருத்தித் திருப்பித் தர வேண்டும். இரண்டுக்கும் நடுவே அவெய்ட் ஒன்றை வைத்து வேறு வேலைக்குப் போய்வந்தால் அந்தப் பொருள் செல்லாததாகி, செட்பாராமீட்டர்ஸ் பிழை தரும்.

இனி இந்தப் பக்கத்திலிருந்து வீடியோ போகப்போவதில்லை என்று மறுமுனைக்கும் முறையாகத் தெரிவிக்க வேண்டுமானால் ரிமூவ்டிராக்கை இயக்கலாம். பெயர் எதைச் சொன்னாலும், அது சென்டரை அழிப்பதில்லை. சென்டரின் டிராக்கை நல் ஆக்கி, அனுப்புவதையும் பெறுவதையும் இணைத்து வைத்திருக்கும் டிரான்ஸீவரின் டைரக்ஷனைச் சென்ட்ரிசீவிலிருந்து ரிசீவ்ஒன்லிக்கோ, சென்ட்ஒன்லியிலிருந்து இன்ஆக்டிவுக்கோ மாற்றுகிறது. உடனே நெகோஷியேஷன்நீடட் நிகழ்வு எழும், புதிய ஆஃபரும் ஆன்சரும் (எஸ்டிபி முன்மொழிவும் அதற்கான பதிலும்) பரிமாறப்பட்ட பிறகே மறுமுனைக்குச் செய்தி சேரும். டைரக்ஷனை நீங்களே நேரடியாக மாற்றினாலும் இதே பாதைதான். அழைப்பைக் காத்திருப்பில் வைக்கும் "ஹோல்ட்" வசதிக்கு டைரக்ஷன் மாற்றமே பொருத்தமானது. நீங்கள் கேட்டது டைரக்ஷன் பண்பிலும், இருமுனையும் ஒப்புக்கொண்டது கரன்ட்டைரக்ஷன் பண்பிலும் இருக்கும். திரையில் காட்ட வேண்டியது இரண்டாவதை.

தடத்தையே ஒழிப்பது டிரான்ஸீவரின் ஸ்டாப். இது அனுப்புவதையும் பெறுவதையும் சேர்த்தே நிறுத்துகிறது, பரிமாற்றத்துக்குப் பின் எஸ்டிபியில் அந்தத் தடத்துக்கான எம்-வரியின் போர்ட் எண் 0 ஆகிறது, பின்னாளில் வேறொரு டிரான்ஸீவர் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம். பலர் வந்துபோகும் கூட்டத்தில் ஒருவர் நிரந்தரமாக வெளியேறியதும் அவருக்கான தடத்தை ஒழிக்க இது பயன்படும். கேமராவை அணைத்து எரியவைக்கும் பொத்தானுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். நின்ற டிரான்ஸீவரை உயிர்ப்பிக்க முடியாது.

நான் அனுப்புவதை நிறுத்தினேன். மறுமுனையில் என் கடைசிப் படம் உறைந்து நிற்கிறது. ஏன்?

ரீப்ளேஸ்டிராக்கில் நல் கொடுப்பதும், ஆக்டிவை ஃபால்ஸ் ஆக்குவதும் மறுமுனைக்கு எந்தச் செய்தியையும் அனுப்புவதில்லை. பாக்கெட் வரவில்லை என்பது மட்டுமே அங்கே தெரியும், நெட்வொர்க் தடங்கலுக்கும் வேண்டுமென்றே நிறுத்தியதற்கும் அந்த முனையால் வேறுபாடு காண முடியாது. எனவே வீடியோ உறுப்பு கடைசியாக வந்த ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கண் பாதி மூடிய முகத்தோடு ஒருவர் கூட்டம் முழுவதும் உறைந்திருப்பது இதனால்தான். தீர்வு எளியது. "வீடியோ நிறுத்தப்பட்டது" என்று உங்கள் சேவையகம் ஊடாகச் செய்திகள் போகும் சிக்னலிங் வழியாகவோ, இணைப்பிலேயே தரவு அனுப்பும் டேட்டாசேனல் வழியாகவோ ஒரு செய்தி அனுப்பி, மறுமுனை அதைக் கண்டதும் வீடியோவை மறைத்துப் பெயரையோ படத்தையோ காட்டும்படி செய்யுங்கள்.

டைரக்ஷனை மாற்றிப் பரிமாற்றம் முடித்தால், மறுமுனையின் டிராக்கில் மியூட் நிகழ்வும் ஸ்ட்ரீமில் ரிமூவ்டிராக் நிகழ்வும் எழும். ஆனால் டிராக் முடிந்துவிடாது. பிறகு டைரக்ஷன் திரும்பினால் அதே டிராக் அன்மியூட் ஆகும். டிரான்ஸீவரை ஸ்டாப் செய்து பரிமாறினால்தான் மறுமுனையில் எண்டட் நிகழ்வு வரும். எண்டட் வந்தால்தான் வீடியோ கட்டத்தை அகற்றுவேன் என்று எழுதப்பட்ட நிரல், பெரும்பாலான நேரங்களில் அந்த நிகழ்வைக் காணவே காணாது.

நான் ஸ்டாப் இயக்கினேன். என் பக்கத்து டிராக்கில் எண்டட் நிகழ்வு ஏன் எழவில்லை?

தரநிலையே அப்படித்தான். நீங்களே நிறுத்தியதை உங்களுக்கே அறிவிக்கத் தேவையில்லை என்ற எண்ணத்தில், நிரல் இயக்கும் ஸ்டாப்புக்கு எண்டட் எழுப்பப்படுவதில்லை. கேமரா கழற்றப்பட்டாலோ, பயனர் அனுமதியைத் திரும்பப் பெற்றாலோ, திரைப் பகிர்வை உலாவியின் பொத்தானால் நிறுத்தினாலோதான் எழும். ஆகவே துப்புரவு வேலையை ஒரு தனிச் செயற்கூற்றில் எழுதி, ஸ்டாப் இயக்கும் இடத்திலிருந்தும் எண்டட் கையாளியிலிருந்தும் அதையே இயக்குங்கள்.

திரைப் பகிர்வை நிறுத்துவதில் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

பயனர் பகிர்வை நிறுத்த இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. ஒன்று உங்களுடையது, மற்றது உலாவி தன் பட்டையில் காட்டுவது. இரண்டாவதை அழுத்தும்போது உங்களுக்குத் தெரிய ஒரே வழி எண்டட் நிகழ்வு. அதைக் கவனிக்காவிட்டால், பகிர்வு நின்ற பிறகும் உங்கள் திரை "பகிர்கிறீர்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். கெட்டிஸ்ப்ளேமீடியா ஒலியையும் தந்திருந்தால், உங்கள் பொத்தான் வீடியோ, ஒலி ஆகிய இரண்டு டிராக்குகளையும் நிறுத்த வேண்டும். வீடியோவை மட்டும் நிறுத்தினால் டேபின் ஒலி போய்க்கொண்டே இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கைபேசியில் முன்கேமராவிலிருந்து பின்கேமராவுக்கு மாறும்போது பிழை வருகிறது. ஏன்?

பல ஆண்ட்ராய்டு கைபேசிகளால் இரு கேமராக்களை ஒருசேரத் திறக்க முடியாது. புதியதைத் திறந்துவிட்டுப் பழையதை நிறுத்துவது கணினியில் நன்றாக ஓடும், கைபேசியில் நாட்ரீடபிள்எரர் தரும். முதலில் பழைய டிராக்கை ஸ்டாப் செய்து, பிறகு பின்கேமராவைக் கேட்டுப் பெற்று, ரீப்ளேஸ்டிராக் மூலம் பொருத்துங்கள். நடுவில் புதிய கேமரா திறக்காமல் போனால் பழையதும் கையில் இருக்காது என்பதால், அதை மறுபடி திறக்கும் வழியையும் சேர்த்தே எழுதுங்கள்.

அழைப்பை முழுமையாக முடிக்கும்போது எந்த வரிசையில் மூட வேண்டும்?

உள்ளூர் டிராக்குகளை முதலில் நிறுத்துங்கள். சிக்னலிங் செய்தி அனுப்புவதிலோ இணைப்பை மூடுவதிலோ பிழை எழுந்து நிரல் பாதியில் நின்றாலும், பயனரின் கேமராவும் மைக்கும் அதற்குள் அணைந்திருக்கும். அதன்பின் "விடைபெறுகிறேன்" என்ற செய்தியைச் சிக்னலிங் சேவையகத்துக்கு அனுப்பி, பியர்கனெக்ஷனின் கையாளிகளை அகற்றி, குளோஸ் இயக்கி, வீடியோ உறுப்புகளை விடுவித்து, ஆடியோகான்டெக்ஸ்ட் இருந்தால் அதையும் மூடி, புள்ளிவிவரம் எடுக்கும் டைமர்களை நிறுத்துங்கள்.

விடைபெறும் செய்தியை டேட்டாசேனலில் அனுப்பி அடுத்த வரியிலேயே குளோஸ் இயக்கினால், அந்தச் செய்தி புறப்படும் முன்பே இணைப்பு அறுந்துபோகலாம். பியர்கனெக்ஷனின் குளோஸ், வரிசையில் காத்திருக்கும் தரவுக்காகக் காத்திருப்பதில்லை. முடிவுச் செய்திக்கு சிக்னலிங் பாதையே நம்பகமானது.

இரு முனையினரும் ஒரே நேரத்தில் முடித்தால் இந்தச் செயற்கூறு இருமுறை ஓடும். முடிந்த டிராக்கின் மீது ஸ்டாப்பும், மூடிய இணைப்பின் மீது குளோஸும் தீங்கின்றிக் கடந்துபோகும். ஆனால் மூடிய இணைப்பில் ரிமூவ்டிராக்கோ ரீப்ளேஸ்டிராக்கோ ஐசிஇ கேண்டிடேட் (இணைப்புப் பாதைக்கான முகவரி) சேர்ப்பதோ இன்வாலிட்ஸ்டேட்எரர் தரும். இன்னொன்றும் உண்டு, பலரையும் திகைக்க வைப்பது: கிரியேட்ஆஃபர் போன்ற வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இணைப்பு மூடப்பட்டால், தரநிலையின்படி அந்தப் பிராமிஸ் நிறைவேறவும் செய்யாது, நிராகரிக்கப்படவும் செய்யாது. அதற்கு அவெய்ட் போட்டுக் காத்திருக்கும் செயற்கூறு அங்கேயே நின்றுவிடும், அதன் ஃபைனலி பகுதியும் ஓடாது. ஆகவே துப்புரவை அத்தகைய ஃபைனலி பகுதியில் வைக்காதீர்கள்.

குளோஸ் இயக்கிய முனையில் கனெக்ஷன்ஸ்டேட்சேஞ்ச் நிகழ்வு எழாது என்பதையும் நினைவில் வையுங்கள். நிலை "குளோஸ்டு" என்று மாறியிருக்கும், அறிவிப்பு மட்டும் வராது.

பயனர் டேபையே மூடிவிட்டால் என்ன ஆகும்?

கேமராவும் மைக்கும் தாமாகவே விடுவிக்கப்படும், அதில் கவலை இல்லை. கவலை மறுமுனையைப் பற்றியது. பேஜ்ஹைடு நிகழ்வில், சென்ட்பீக்கன் மூலம் ஒரு சிறு செய்தியைச் சேவையகத்துக்கு அனுப்பி, அது மற்றவர்களுக்குத் தெரிவிக்கும்படி அமைப்பதே நல்ல வழி. பிஃபோர்அன்லோடில் எதையும் நிறுத்தாதீர்கள். "வெளியேறவா?" என்ற கேள்விக்குப் பயனர் "வேண்டாம்" என்று சொன்னால், அழைப்பு தொடரும்போதே கேமரா அணைந்திருக்கும். அன்லோடு நிகழ்வைக் கைபேசிகளில் நம்ப முடியாது.

மின்சாரம் போய்விட்டால் எந்தச் செய்தியும் புறப்படாது. அப்போது, இரு முனைகளுக்கும் இடையிலான பாதையைத் தேடிக் காக்கும் ஐசிஇயின் ஒப்புதல் சோதனைதான் கடைசிக் காவல். ஆர்எஃப்சி 7675-இன்படி, அனுப்பும் முனை ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒருமுறை மறுமுனையின் ஒப்புதலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், 30 விநாடி பதில் வராவிட்டால் அனுப்புவதை நிறுத்தியே ஆக வேண்டும். இல்லாத ஒருவரின் முகவரிக்கு உங்கள் வீடியோ முடிவின்றிப் போய்க்கொண்டிருக்காது என்பதற்கு இந்த விதியே உறுதி. அதற்கு முன்பே டிஸ்கனெக்டட் நிலை தோன்றும். அது வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும் நேரத்திலும் வந்துபோகக்கூடியது என்பதால், அதைக் கண்டவுடன் அழைப்பை முடித்துவிடாமல் "மீண்டும் இணைகிறது" என்று காட்டுங்கள். ஃபெயில்டு வந்தால் ஐசிஇயை மறுதொடக்கம் செய்து பார்த்து, அதுவும் பலிக்காதபோது முடியுங்கள்.

நேரடி இணைப்பு அமையாதபோது தரவை இடைநின்று கடத்தும் டேர்ன் சேவையகம் நடத்துவோர் அறிய வேண்டியது: முறையாக மூடாமல் மறைந்த பயனரின் ஒதுக்கீடு, இயல்பான காலவரம்பான 10 நிமிடம் வரை அங்கே இருந்துகொண்டிருக்கும்.

நடுவில் எஸ்எஃப்யூ சேவையகம் இருந்தால் வேறுபாடு உண்டா?

உண்டு. ஒவ்வொருவரின் வீடியோவையும் பெற்று மற்றவர்களுக்கு அனுப்பும் சேவையகமே எஸ்எஃப்யூ. அங்கே உங்கள் மறுமுனை சேவையகமே, மற்ற பயனர்கள் அல்லர். நீங்கள் நிறுத்தியதைச் சேவையகம் அறிந்தால்தான் அது மற்றவர்களுக்கான தடங்களை மூடும். மீடியாசூப் போன்ற நூலகத்தில், உலாவிப் பக்கத்து புரொட்யூசரை மூடினால் டிராக் இயல்பாகவே நிற்கும், ஆனால் சேவையகத்தின் புரொட்யூசரை மூடச் சொல்லும் செய்தியை நீங்கள்தான் அனுப்ப வேண்டும். ஜானஸ் சேவையகம், உயிர்ப்புச் செய்தி வராத அமர்வை இயல்பமைப்பில் 60 விநாடிகளில் கலைத்துவிடும். அந்த ஒரு நிமிடமும் வெளியேறியவரின் பெயர் பட்டியலில் நிற்கலாம்.

பதிவு செய்துகொண்டிருக்கும்போது அழைப்பு முடிந்தால்?

மீடியாரெக்கார்டரின் ஸ்டாப்பை முதலில் இயக்கி, அதன் ஸ்டாப் நிகழ்வு வரும் வரை தரவைக் கைவிடாதீர்கள், கடைசித் துண்டு டேட்டாஅவைலபிள் வழியாக அதற்கு முன் வந்து சேரும். எல்லா டிராக்குகளும் முடிந்தால் ரெக்கார்டர் தானே நிற்கும், அப்போதும் இதே வரிசைதான். எனவே பதிவுக்காகக் கேமராவை அணைக்காமல் வைத்திருக்கத் தேவையில்லை.

உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று எப்படி உறுதி செய்வது?

குரோமில் வெப்ஆர்டிசி-இன்டர்னல்ஸ் பக்கத்தையும், ஃபயர்ஃபாக்ஸில் அபௌட்:வெப்ஆர்டிசி பக்கத்தையும் திறந்துவைத்துக்கொண்டு சோதியுங்கள். நிரலிலிருந்து பார்க்க, கெட்ஸ்டாட்ஸ் தரும் அவுட்பவுண்ட்-ஆர்டிபி அறிக்கையில் பைட்ஸ்சென்ட், பாக்கெட்ஸ்சென்ட் ஆகிய எண்களைச் சில விநாடி இடைவெளியில் இருமுறை எடுத்து ஒப்பிடுங்கள். எண் நகரவில்லை என்றால் அனுப்புதல் நின்றுவிட்டது. எனேபிள்டு மட்டும் மாற்றியிருந்தால் எண் மெல்ல ஏறிக்கொண்டே இருப்பதைக் கண்ணால் காணலாம்.

பிறகு, அழைப்பில் சேர்ந்து வெளியேறுவதைத் தானியங்கிச் சோதனையாக எழுதிப் பலநூறு முறை ஓடவிடுங்கள். குரோம் ஒரு பக்கத்தின் செயலாக்கத்தில் சுமார் 500 பியர்கனெக்ஷன்களுக்கு மேல் அனுமதிப்பதில்லை. மூடாமல் விட்டவை சேர்ந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் புதியதை உருவாக்கும்போதே பிழை எழும், கசிவு இருக்கிறது என்பது ஐயத்துக்கு இடமின்றி வெளிப்படும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், முன்னர் சொன்ன டிராக் தொகுப்பில் "லைவ்" நிலையில் ஒன்றுகூட இல்லை என்பதையும் சோதனை சரிபார்க்கட்டும். அனுமதிப் பெட்டி திறந்திருக்கும்போதே வெளியேறும் சுற்று ஒன்றையும் அதில் கட்டாயம் சேருங்கள்.